உடைவது மேலேயே உடையட்டும்

எங்கள் ஊரில் என்னைப் பைப்புக்கார அண்ணன் என்பார்கள். காவேரிப்பட்டணத்துக்குப் பக்கம். வருஷம் முழுக்க மாந்தோப்புக்கும் தக்காளிக் காட்டுக்கும் சொட்டுநீர்க் குழாய் போடுவது தொழில். தீபாவளி ராத்திரி மட்டும் ஒரு மணி நேரம் வேறு வேலை. சீட்டுக் கட்டித் தெரு மொத்தத்துக்கும் சேர்த்து வாங்கிய ஷாட் பெட்டிகளை நான்தான் பற்றவைக்க வேண்டும். பதினைந்து வருஷமாக இப்படித்தான். போன தீபாவளி முடிந்து சாம்பல் கூட்டும்போது மச்சினன் மகன் வந்து, “மாமா, அடுத்த வருஷம் நான் வைக்கிறேன். என்னென்ன பார்க்கணும்னு எழுதிக் குடுங்க” என்றான். அவனுக்கு எழுதியது இது. உங்கள் தெருவிலும் யாராவது ஒருவர் இந்த வேலையைச் செய்துகொண்டுதான் இருப்பார்.

முதலில் அந்தக் குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும். 12 ஷாட், 30 ஷாட், 120 ஷாட் எல்லாம் அட்டைக் குழாய்களை வரிசையாக ஒட்டிய பெட்டிதான். ஒரு திரி ஒவ்வொரு குழாயாகத் தொட்டுக்கொண்டே போகும். குழாய்க்கு அடியில் ஒரு மருந்து, அது தள்ளுவதற்கு. மேலே உட்கார்ந்திருக்கும் உருண்டையையோ குப்பியையோ அது வாய் வழியாக வானத்துக்குத் துரத்திவிடும். உருண்டைக்குள் இன்னொரு மருந்து, அது உடைப்பதற்கு. அதைச் சுற்றிக் கலர் மணிகள், மிளகு அளவிலிருந்து சுண்டைக்காய் அளவு வரை. தள்ளும் மருந்து எரியும்போதே உருண்டையின் சிறு திரியிலும் நெருப்பு ஏறிவிடுகிறது. மேலே போகப் போக அது உள்ளே எரிந்துகொண்டே போய், உச்சிக்குப் போன நேரம் பார்த்து உடைப்பு மருந்தைத் தொடும். கூடு கிழியும், மணிகள் பற்றிக்கொண்டு நாலா பக்கமும் சிதறும். நாம் பூ என்று சொல்வது அதைத்தான்.

உடைப்பு மருந்துக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. திரி எரிந்து முடிந்தால் உடைப்பது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வேலை. வானத்தில் இருந்தால் பூ. மாட்டுக் கொட்டாயில் இருந்தாலும் அதே பூதான். கீழே நாம் செய்யும் வேலை எல்லாமே, அந்த நேரத்தில் உருண்டை மேலே இருக்கும்படி பார்த்துக்கொள்வதற்குத்தான்.

கொஞ்ச நாள் பழகினால் பூவைப் பார்த்தே உள்ளே என்ன நடந்தது என்று சொல்லிவிடலாம். உச்சியில் போய் நின்ற நொடியில் உடைந்தால் பூ உருண்டையாக, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விரியும். இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே உடைந்தால் மணிகளும் அந்த வேகத்தோடு சேர்ந்து மேலே இழுபட்டுப் போகும். இறங்க ஆரம்பித்த பிறகு உடைந்தால் குடை கவிழ்ந்த மாதிரி கீழே தொங்கும். உடைப்பு பலமில்லாமல் போனால் மணிகள் விரியாமல் கொத்தாகவே விழும், சில நேரம் எரிந்துகொண்டே தரை வரைக்கும் வந்துவிடும். அப்படி ஒன்றைப் பார்த்ததும் நான் அந்தப் பெட்டி முடிகிற வரை அடுத்ததைத் தொடுவதில்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று அப்படி வந்தால், அதே ரகத்தில் மிச்சமுள்ள பெட்டிகளையும் ஓரங்கட்டிவிடுவேன். கடைக்காரரிடம் கேட்டால் “வராதே” என்பார். வருகிறது.

இப்போது என் பிழைப்பு சிரித்த கதை.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்பு, தீபாவளிக்கு முந்தின ராத்திரி நல்ல மழை. மறுநாள் சாயங்காலம் விட்டுவிட்டது. பெரியப்பா வீட்டுக் களத்து ஓரம் செம்மண் தரை. மேலே காய்ந்த மாதிரி தெரிந்தது, ஒரு விரல் ஆழத்துக்குக் கீழே களி உருண்டை மாதிரி இருந்திருக்கிறது. நான் காலால் தட்டிப் பார்த்துவிட்டு 30 ஷாட் பெட்டியை அப்படியே வைத்தேன். பத்து வரை ஒழுங்காகப் போனது. குழந்தைகள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு குண்டு மேலே போகும்போதும் பெட்டி கீழே ஒரு உதை வாங்கும் என்பது எனக்குத் தெரியும், ஆனால் யோசிக்கவில்லை. உதை விழ விழ ஒரு பக்கம் மண்ணில் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. பதினெட்டாவதோ பத்தொன்பதாவதோ, பூ வலது பக்கம் தள்ளி விரிந்தது. அடுத்தது இன்னும் தள்ளி. அதற்கடுத்தது புளியமரத்துக்குள். “சாஞ்சிருச்சு, சாஞ்சிருச்சு” என்று யாரோ கத்தும்போது பெட்டி குப்புற விழுந்துவிட்டது. மிச்சம் இருந்தவை தரையோடு தரையாகப் போயின. ஒன்று பெரியப்பாவின் ராகித்தாள் போருக்குள் நுழைந்து அங்கேயே உடைந்தது. ஒரு நொடி போர் முழுக்கச் சிவப்பாக உள்ளிருந்து வெளிச்சம் போட்ட மாதிரி இருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, கடவுள் மன்னிக்கட்டும். பிறகு எரிய ஆரம்பித்தது. மாட்டை அவிழ்த்து ஓட்டினோம். கிணற்று மோட்டாரைப் போட்டு என்னுடைய குழாயைத்தான் இழுத்து அணைத்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெரியப்பா என்னைத் திட்டவில்லை, அந்த வருஷம் மாட்டுக்குத் தாள் நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

அன்றைக்குப் பிறகு நான் வெறும் மண்ணில் பெட்டி வைத்ததே இல்லை. இரண்டடிக்கு இரண்டடி பலகை ஒன்று வைத்திருக்கிறேன், கான்கிரீட் வேலைக்கு அடிக்கும் பலகைத் துண்டு. அதைத் தரையில் போட்டு மேலே ஏறி நின்று மிதிப்பேன். ஆடினால் மண்ணைச் சுரண்டிச் சரிசெய்வேன். அப்புறம் ரசமட்டம். கொத்தனார் வைத்திருப்பாரே, அதேதான். குழாய் வேலைக்கு என்னிடமும் இருக்கிறது. நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்குவாக்கில் ஒரு தடவை. குமிழி நடுவில் வந்தால் பெட்டியை வைத்து, நான்கு பக்கமும் பாதி மண் நிரப்பிய உரச்சாக்கை நெருக்கி அணைத்துவிடுவேன். சாக்கு பெட்டியின் உயரத்துக்கு முக்கால் வந்தால் போதும், வாயை மூடக் கூடாது. செங்கல் அடுக்காதீர்கள். பெட்டி வெடித்துப் பிளந்தால் மண் தாங்கிக்கொள்ளும், செங்கல் துண்டு பறக்கும். இந்தச் சாக்கு வேலை பத்து நிமிஷம்தான். ஆனால் பையன்கள் பொறுமை இழந்து பக்கத்தில் வந்து நிற்பது இந்தப் பத்து நிமிஷத்தில்தான், அதனால் இதைச் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுவேன்.

பெட்டியில் முன்பக்கம் என்று குறி இருந்தால் பாருங்கள். விசிறி மாதிரி இரண்டு பக்கமும் சாய்ந்து போகும் ரகத்தில் அது முக்கியம். சாய்வு ஆட்களுக்கு இணையாகப் போக வேண்டும், ஆட்களை நோக்கி வரக் கூடாது. தலைக்கு மேல் மின்கம்பி, தென்னை, கொடி கட்டிய கயிறு எதுவும் வேண்டாம். மொட்டை மாடியில் வைக்காதீர்கள். சாய்ந்தால் கீழே தெருவில் போகிறவர் முகத்துக்கு நேராக வரும்.

தூரம். 12 ஷாட்டுக்கு நான் 25 மீட்டர் வைத்துக்கொள்கிறேன். பெரிய பெட்டிகளுக்கு 40, இடம் இருந்தால் 50. பெட்டியில் அதைவிட அதிகம் போட்டிருந்தால் பெட்டி சொல்வதுதான் கணக்கு. கண்ணால் அளக்காதீர்கள், இருட்டில் எல்லாமே தூரமாகத் தெரியும். என்னிடம் இருக்கும் 16 எம்.எம். குழாயில் 25 மீட்டரை அளந்து இரண்டு முனையிலும் துணி கட்டி வைத்திருக்கிறேன். அதைக் கோடாகத் தரையில் போட்டுவிட்டால் குழந்தைகளுக்கும் எல்லை தெரியும். காற்று எந்தப் பக்கம் என்று ஊதுபத்திப் புகையைப் பார்த்துவிட்டு, ஆட்களைக் காற்று வருகிற பக்கம் நிறுத்துங்கள். ஐப்பசியில் எங்கள் பக்கம் பெரும்பாலும் வாடைதான், ஆனால் கரடு இருக்கும் இடத்தில் காற்று தன் இஷ்டத்துக்குத் திரும்பும்.

திருவிழாவுக்கு விடும் பெரிய குண்டுகள் வேறு கணக்கு. அமெரிக்காவில் என்.எஃப்.பி.ஏ. 1123 என்று ஒரு விதித்தொகுப்பு உண்டு. குழாயின் வாய் அகலம் ஒவ்வொரு அங்குலத்துக்கும் கூட்டம் 70 அடி தள்ளி நிற்க வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கணக்கு. மூன்று அங்குலக் குழாய் என்றால் 210 அடி. நம் ஊர்க் கோயில் மைதானத்தில் அந்த இடம் இருக்கிறதா என்று ஒரு தடவை நடந்து அளந்து பாருங்கள். அதெல்லாம் உரிமம் உள்ளவர் வந்து, அனுமதி வாங்கி, விட வேண்டியது. விழாக் கமிட்டியில் இருப்பவர் அவரிடம் உரிமத்தைக் கேட்டுப் பார்ப்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இனி பற்றவைப்பது. நீளமான ஊதுபத்தியை ஒரு மூங்கில் குச்சியில் கட்டிக்கொள்ளுங்கள். லைட்டர் வேண்டாம், அது முகத்தைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விடும். பருத்திச் சட்டை, மூடிய செருப்பு. கண்ணாடி போடுங்கள், நான் கிரைண்டர் பிடிக்கும்போது போடும் அதே கண்ணாடிதான். திரியின் மேலுறையை உரித்து, திரியை வெளியே நீட்டி, பெட்டிக்குப் பக்கவாட்டில் நின்று கையை நீட்டி வையுங்கள். உடம்பின் எந்தப் பாகமும், தலைமுடி உட்பட, குழாய் வாய்க்கு நேர் மேலே வரக் கூடாது. இருட்டில் திரி தெரியவில்லை என்று குனிந்து டார்ச் அடித்துப் பார்ப்பது எல்லோரும் செய்யும் தப்பு. தூரத்தில் ஒருவரை டார்ச் பிடிக்கச் சொல்லுங்கள். பற்றியதும் திரும்பி நடங்கள். ஓட வேண்டாம், ஓடினால்தான் தடுக்கும். பற்றவைப்பவர் ஒருவர்தான். ஆளுக்கு ஒரு ஊதுபத்தி என்றால் யார் எதைப் பற்றவைத்தார் என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

அடுத்து விட வேண்டிய பெட்டிகள் எங்கே இருக்கின்றன என்பதையும் பாருங்கள். நான் கோட்டுக்குப் பின்னால், வீட்டுத் திண்ணையில், தார்ப்பாய் மூடி வைப்பேன், ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது வெளியே வரும். கேரளத்தில் கொல்லம் பக்கம் பரவூர் புற்றிங்கல் கோயிலில் 2016 ஏப்ரல் 10 அன்று நூறு பேருக்கு மேல் உயிர் போனது, எரிந்து விழுந்த பொறி வெடிகளை இருப்பு வைத்திருந்த இடத்தில் பட்டதால்தான்.

புஸ்ஸாகிவிட்டால்? போகாதீர்கள், அவ்வளவுதான். திரி வெளியே அணைந்த மாதிரி இருக்கும், உள்ளே ஊர்ந்துகொண்டிருக்கும். நான் கடிகாரம் பார்த்து அரை மணி நேரம் விட்டுவிடுவேன். அப்புறமும் பக்கவாட்டில் போய், நீண்ட கம்பில் கட்டிய செம்பால் தண்ணீர் ஊற்றி நனைத்துவிட்டு, ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் அமுக்கி வைப்பேன். பாதியில் நின்ற பெட்டிக்கு மறுபடி நெருப்பு வைக்கக் கூடாது. “மாற்றுத் திரி இருக்குதே” என்று சொல்வார்கள். அது முதலிலேயே முதல் திரி பற்றாமல் போனால் உதவுவதற்கு, நடுவில் நின்றதை எழுப்ப இல்லை. எனக்கு இடது புருவத்தில் கொஞ்சம் முடி இல்லாமல் இருப்பதற்கு இந்தப் பாடம்தான் காரணம். அதை விரிவாகச் சொல்ல விருப்பமில்லை.

நமத்துப்போன பெட்டியை வெயிலில் காயவைக்கலாமா என்று எல்லா வருஷமும் ஒரு அக்கா கேட்பார். கம்பி மத்தாப்பு வேறு, இது வேறு. யோசித்துப் பாருங்கள்: தள்ளும் மருந்து குழாயின் அடியில் இருக்கிறது, தரை ஈரம் முதலில் ஏறுவது அங்கேதான். உடைப்பு மருந்து உருண்டைக்குள் காகிதம் சுற்றிப் பத்திரமாக இருக்கிறது. தள்ளுவது ஈரத்தில் பலம் குறைந்து, உடைப்பது மட்டும் காய்ந்து முழுப் பலத்தோடு இருந்தால் என்ன ஆகும்? ஓட்டு உயரத்துக்கு எழும்பி, அங்கேயே முழுசாக உடையும். அடிக்காகிதம் உப்பியிருந்தால், அட்டை விரல் அழுத்தத்துக்குக் குழிந்தால், அந்தப் பெட்டிக்கு வாளிதான். பணம் போனால் போகிறது.

வாங்கும்போது நீரி என்னும் மத்திய அரசின் சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பசுமைப் பட்டாசு (மாசு குறைந்த ரகம்) முத்திரையும் க்யூ.ஆர். கட்டமும் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்புக்குப் பிறகு விற்கலாம் என்பது அந்த ரகம்தான். பசுமைப் பட்டாசு என்றால் பச்சையாக எரியும் என்று நினைத்துவிடாதீர்கள். காலங்காலமாகப் பச்சை நிறம் கொடுத்து வந்த பேரியத்துக்குத்தான் அந்தத் தீர்ப்பு தடை போட்டது. சிவப்பு ஸ்ட்ரான்சியத்திலிருந்து வருகிறது, நீலம் செம்பிலிருந்து. நேரமும் கட்டுப்பாடுதான்: தமிழ்நாட்டில் தீபாவளிக்குக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதால் நான் அன்றைக்கு நாலைந்து பெட்டிக்கு மேல் எடுப்பதில்லை. ரயிலிலும் பஸ்ஸிலும் கொண்டுவரக் கூடாது.

பையன்கள் என்னிடம் வந்து கேட்கும் கேள்வி இன்னொன்று. “அண்ணா, வெட்டின எச்.டி.பி.இ. பைப் துண்டு இருந்தா குடுங்க.” அது கெட்டியான பிளாஸ்டிக் குழாய். எதற்கு என்று கேட்டால் இளிப்பார்கள். இரண்டு ஷாட்டைப் பிரித்து மருந்தை ஒன்றாகக் கட்டி, பெரிய பூ வரவைக்கப் பார்க்கிறார்கள். சிலர் பி.வி.சி. துண்டே போதும் என்கிறார்கள். பி.வி.சி. குளிரில் தட்டினாலே கூர்கூராக உடையும் சாமான், உள்ளே வெடித்தால் ஒவ்வொரு சில்லும் கத்தி. ஜி.ஐ. என்னும் இரும்பு பைப் அதைவிட மோசம். பைப் நான் கொடுப்பதில்லை, பிரிப்பது எப்படி என்றும் இங்கே எழுதப்போவதில்லை. அந்த மருந்துக்கு உரசல் போதும், சட்டைத் துணியில் வரும் மின்பொறி போதும். கூட்டைப் பிரித்த அந்த நிமிஷத்திலிருந்து அதை உச்சிக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு எதுவுமே இல்லை, மருந்து உங்கள் மடியில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் செய்வது 1884-ம் வருஷத்து வெடிபொருள் சட்டத்தில் குற்றம் என்பது அப்புறம். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் 2023 ஜூலை 29 அன்று பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் போனார்கள். அதே வருஷம் அக்டோபரில், ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளியில், பட்டாசுக் கடை எரிந்தபோது செத்தவர்களில் பலர் தீபாவளி வேலைக்குப் போன தருமபுரி மாவட்டத்துப் பையன்கள். அதைச் சொன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார்கள். அப்புறம் நான் சாக்கில் மண் அள்ளப் போகச் சொல்வேன், போவார்கள்.

தீக்காயம் பட்டால் குழாய்த் தண்ணீர்தான், 20 நிமிஷம், விடாமல். இங்க், பேஸ்ட், மஞ்சள் எதுவும் வேண்டாம். ஐஸும் வேண்டாம். கண்ணில் ஏதாவது குத்தியிருந்தால் கசக்காதீர்கள், கழுவாதீர்கள், அழுத்தாதீர்கள். காகித டம்ளரைக் கண்ணைத் தொடாமல் மேலே கவிழ்த்து ஒட்டிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். தீயணைப்புக்கு 101. பெட்டிக்கு அருகே இரண்டு வாளித் தண்ணீர், ஒரு சாக்கு மணல், மோட்டாரில் மாட்டிய குழாய் ஒன்று தயாராக இருக்கட்டும். ராகித்தாள் போர் எங்கே என்று கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு எதிர்ப்பக்கம் போங்கள்.

கடைசி வேலை மறுநாள் காலையில். ஆறு மணிக்கு நானும் இன்னொருவரும் வாளியோடு களத்தைச் சுற்றி வருவோம். பள்ளிக்கூடம் லீவு, பிள்ளைகள் எட்டு மணிக்குள் எழுந்துவிடுவார்கள், அதற்கு முன்னால் முடிக்க வேண்டும். தேடுவது உடையாத உருண்டைகளை. எலுமிச்சை அளவில், பழுப்புக் காகிதம் சுற்றி, ஒரு பக்கம் கருகின சின்னத் திரியோடு கிடக்கும். பிள்ளைகள் கண்ணுக்குப் பந்து. போன வருஷம் இரண்டு கிடைத்தன, ஒன்று துவரைச் செடி அடியில், ஒன்று பெரியப்பா வீட்டு ஓட்டுக் கூரையின் தண்ணீர்த் தாரையில். கையால் எடுக்கவில்லை. இரண்டின் மேலும் தண்ணீரை ஊற்றி ஊறவிட்டு, மண்வெட்டியால் அள்ளி வாளித் தண்ணீருக்குள் போட்டு, வாளியைப் பூட்டிய மோட்டார் அறையில் வைத்தேன். நாலு நாள் கழித்துப் பார்க்கும்போது காகிதம் கரைந்து, மணிகள் அடியில் சேறாகக் கிடந்தன.